ரெண்டு எம்எம் கண்ணாடிக்கு நெருப்புல ஓரம் பாலிஷ் பண்ணப் போய் நான் பட்ட பாடு

கும்பகோணத்துல ஒரு சின்ன போட்டோ ஃபிரேம் கடை நடத்துறேன். அப்பா ஆரம்பிச்ச கடை, அவர் போன பிறகு ஏழு வருஷமா நான்தான் பாத்துக்குறேன். கண்ணாடி அறுக்குறது எனக்கு சின்ன வயசுலயே பழகின வேலை, அதனால கண்ணாடி சம்பந்தப்பட்ட எதுவும் கத்துக்கிட்டா வந்துடும்னு ஒரு தைரியம் இருந்துச்சு. போன வருஷம் ஆடி கடைசில ஆரம்பிச்சு கார்த்திகை வரைக்கும் நாலு மாசம் அந்த தைரியத்தால நான் பட்டதை இங்க வரிசையா எழுதுறேன். தமிழ்ல இதைப் பத்தி தேடி தேடிப் பாத்தேன், எனக்கு உபயோகமா ஒரு வரி கிடைக்கல. யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா என் காசுல பாதியாவது மிஞ்சியிருக்கும்.

விஷயம் இதுதான். தெரிஞ்ச ஒரு பித்தளை பட்டறைக்காரர் கார்த்திகைக்கு விக்க விளக்குக் கூண்டு செய்யுறார், நாலு பக்கமும் கண்ணாடி, உள்ள அகல் வெச்சா காத்துல அணையாது. கரி படிஞ்சா கண்ணாடியை மேல உருவி எடுத்து துடைச்சிட்டு திரும்ப சொருகணும். அவர் கடைக்கு வந்து, "போன வருஷம் போட்ட கண்ணாடில ரெண்டு பேருக்கு விரல் கிழிஞ்சிருச்சும்மா, அதோட விளக்கு ஏத்தினதும் ஓரத்துலேர்ந்து கீறல் ஓடி நிறைய உடைஞ்சிருச்சு, ஓரம் வழவழன்னு கண்ணாடி டம்ளர் விளிம்பு மாதிரி வேணும்"னார். அறுபது கூண்டு, ஒண்ணுக்கு நாலு, மொத்தம் 240 பீஸ். அஞ்சு இஞ்ச்சுக்கு மூணரை இஞ்ச், ரெண்டு எம்எம் கனம், ஃபிரேமுக்கு போடுற அதே கண்ணாடி. பீஸுக்கு 110 ரூபா பேசி 8,000 அட்வான்ஸ் குடுத்தார். ஐப்பசி கடைசிக்குள்ள தரணும்.

முதல்ல ஊர்ல இருக்குற எட்ஜ் பாலிஷ் மெஷின்காரங்க கிட்டதான் போனேன். மூணு எம்எம்முக்கு கீழ எங்க மெஷின் பிடிக்காது, இவ்வளவு சின்ன சைஸும் ஓட்ட முடியாதுன்னுட்டாங்க. கையாலயே எமரி கல்லுல தண்ணி விட்டு தேய்ச்சுப் பாத்தேன். விரல் கிழியாது, ஆனா ஓரம் வெள்ளையா மங்கலா இருக்கும், பட்டறைக்காரருக்கு பிடிக்கல. அதுக்கும் மேல இன்னொரு காரணம் உண்டு, அது எனக்கு பின்னாடிதான் புரிஞ்சுது. கண்ணாடி பெரும்பாலும் நடுவுல இருந்து உடையாது, ஓரத்துல இருக்குற கண்ணுக்குத் தெரியாத சின்ன வெடிப்புலேர்ந்துதான் கீறல் கிளம்பும். கல்லுல தேய்ச்சா பெரிய சில்லு போகும், ஆனா தேய்ச்ச இடம் முழுக்க நுணுக்கமான வெடிப்பு இருந்துகிட்டேதான் இருக்கும். சூட்டுல ஓரத்தை லேசா உருக விட்டா மேல்பரப்பு தானா இழுத்து ஒண்ணு சேர்ந்து அந்த வெடிப்பெல்லாம் மூடிக்கும், தண்ணி சொட்டு தானா உருண்டையாகுற அதே கணக்கு. டம்ளர் விளிம்பை ஃபாக்டரில தீயில காட்டி செய்யுறதும் இதுக்குத்தான், ஃபயர் பாலிஷ்னு பேரு.

இங்கயே ஒண்ணு சொல்லிடறேன். உங்களுக்கு விரல் கிழியாம இருந்தா போதும், பீஸும் பத்து இருபதுதான்னா தயவு செஞ்சு சூடு பக்கமே போகாதீங்க. கையில பிடிச்சு தேய்க்குற டைமண்ட் பேட் கிடைக்குது, 200 நம்பர்ல ஆரம்பிச்சு 400ல முடிங்க, தண்ணி விட்டு தேய்ங்க, வேலை முடிஞ்சுது. ஓரம் பளபளன்னு தெரியணும், இல்ல அந்தக் கண்ணாடி பக்கத்துல விளக்கு எரியப் போகுது, அப்படின்னா மட்டும் மேல படிங்க.

நான் முதல்ல வாங்கினது கேஸ் டார்ச். வீடியோல ஒருத்தர் கண்ணாடி ஓரத்தை டார்ச்ல ஓட்டி ஓட்டி அழகா உருக்கினார், பாக்க அவ்வளவு சுலபமா இருந்துச்சு. எனக்கும் ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் வந்துச்சு, கண்ணாடிக் குழாயை உடைச்சு அந்த முனையை பன்சன் பர்னர்ல சுத்தி சுத்திக் காட்டுவோமே, அதே மாதிரிதானேன்னு நினைச்சேன். டார்ச், ரெகுலேட்டர், ஹோஸ், சின்ன சிலிண்டர் எல்லாம் சேர்த்து 4,600 ரூபா. முதல் பீஸை கிடுக்கில பிடிச்சு தீயைக் காட்டினேன், பத்து செகண்ட் கூட இல்ல, டப்புனு வெடிச்சு ஒரு துண்டு என் கன்னத்துல வந்து அடிச்சிருச்சு. கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி போடாம உக்காந்திருந்தேன். இன்னும் ரெண்டு இஞ்ச் மேல பட்டிருந்தா என்னன்னு நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல, என் பொண்ணு அப்ப பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா.

மறுநாள் முகம் மூடுற ஷீல்டு வாங்கிட்டு வந்து திரும்ப உக்காந்தேன். தீயை தள்ளிப் பிடிச்சு மெதுவா சூடேத்தி, முழு பீஸையும் முன்னும் பின்னும் ஓட்டி, அப்புறம் ஓரத்துக்கு வந்தேன். மூணு நாள்ல 24 பீஸ்ல 7 தேறிச்சு. ஓரம் அவ்வளவு அழகு, விரலை வெச்சு இழுத்தா வெண்ணெய் மாதிரி. சந்தோஷத்துல அதுல நாலை கூண்டுல சொருக எடுத்துப் போனேன், பித்தளைத் தடம் ரெண்டரை எம்எம், என் ஓரம் உருகி தடிச்சு மணி மாதிரி திரண்டு மூணு எம்எம் கிட்ட வந்திருச்சு, ரெண்டு பீஸ் உள்ளயே போகல. போன ரெண்டுல ஒண்ணு அன்னைக்கு ராத்திரியே அலமாரில வெச்ச இடத்துல தானா உடைஞ்சு கிடந்துச்சு. யாரும் தொடல, சூடு இல்ல, ஒண்ணும் இல்ல. காலைல அதைப் பாத்துட்டு கடை ஷட்டரை பாதி திறந்த நிலைல அப்படியே உக்காந்துட்டேன். வெடிச்சா கூட காரணம் புரியும், சும்மா இருந்தது ஏன் உடையணும்.

அதுக்கு பதில் சொன்னது திருச்சில காலேஜ் லேபுக்கு கண்ணாடி ஊதிக் குடுத்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். கடைக்கு போட்டோ மாட்ட வந்த ஒருத்தர் மூலமா போய்ப் பாத்தேன். நான் சொன்னதை முழுசா கேட்டுட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, நீ பாத்த வீடியோல இருந்தது என்ன கண்ணாடி?" எனக்குத் தெரியல. அது போரோசிலிகேட்டா இருக்கும்னார், லேப் பீக்கர் கண்ணாடி. சூட்டுல அது விரியுற அளவு நம்ம ஜன்னல் கண்ணாடி விரியுறதுல மூணுல ஒரு பங்குதான், அதனால தீயை நேரா தாங்கும். நம்ம கிட்ட இருக்குறது சோடா லைம், ஒரே பீஸுல ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் நாப்பது அம்பது டிகிரி வித்தியாசம் வந்தாலே ஆபத்துதான். ஸ்கூல் லேப்ல குழாய் உடையலயேன்னு கேட்டேன். குழாய் சின்ன வட்டம், சுத்திக்கிட்டே இருக்கோம், முனை முழுக்க ஒண்ணா சூடாகுது. பட்டைக் கண்ணாடில ஒரு ஓரம் கொதிக்கும்போது நடு பாகம் பச்சைத் தண்ணியா இருக்கு, எப்படித் தாங்கும்னார்.

ராத்திரி தானா உடைஞ்ச கதையையும் அவர்தான் விளக்கினார். ஓரம் உருகும்போது இளகிடும், அதுக்கு எந்த இழுவையும் இல்ல. குளிரும்போதுதான் பிரச்சினை. ஓரம் சுருங்கப் பாக்கும், ஏற்கனவே குளுந்து இறுகின நடு பாகம் விடாது, அதனால ஓரம் இழுத்துப் பிடிச்ச கம்பி மாதிரி அப்படியே உறைஞ்சிடும். பாக்க பளபளன்னு இருக்கும், உள்ள இழுவை அப்படியே இருக்கும், அப்புறம் எப்ப ஒரு சின்ன கீறல் பட்டாலும் போயிடும். கண்ணாடியை உருக்குறது யாரும் செய்யலாம், சூட்டை இறக்குறதுதான் வேலைன்னு சொன்னார். டம்ளர் ஃபாக்டரிலயும் விளிம்பை தீயில காட்டின கையோட ஒரு நீள அடுப்புக்குள்ள பெல்ட்ல அனுப்பி மெதுவா குளிர வைப்பாங்களாம். அந்த இரண்டாவது பாதி எந்த வீடியோலயும் எனக்குக் கண்ல படல.

அவர் ஒரு பரிசோதனையும் சொல்லிக் குடுத்தார், காசே இல்லாம செய்யலாம், இது எல்லாருக்கும் தெரியணும்னு நினைக்கிறேன். கம்ப்யூட்டர் எல்சிடி மானிட்டர்ல வெள்ளை ஸ்கிரீன் போட்டுக்கோங்க. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒண்ணை கண்ணு முன்னாடி பிடிச்சு மெதுவா திருப்புங்க, ஒரு கோணத்துல ஸ்கிரீன் முழுசா கருப்பாயிடும். அப்ப உங்க கண்ணாடி பீஸை நடுவுல காட்டுங்க. இழுவை இல்லாத பீஸ் ஒண்ணும் காட்டாது, கருப்பாவே இருக்கும். இழுவை இருந்தா ஓரத்துல வெளிச்சமா ஒரு பட்டை தெரியும். என்கிட்ட மிச்சம் இருந்த டார்ச் பீஸ் எல்லாத்துலயும் அந்த வெளிச்சம் இருந்துச்சு, ஓரம் முழுக்க. அதைப் பாத்ததும் அத்தனையையும் சாக்குல போட்டு கட்டிட்டேன். அதுல ஒண்ணு கூட எரியுற விளக்கு பக்கத்துல போயிருக்கக் கூடாது.

சரி, முழு பீஸும் ஒண்ணா சூடாகி ஒண்ணா குளிரணும்னா கில்ன் வேணும், அதாவது கரண்ட் சூளை. பாண்டிச்சேரி பக்கம் பானை வேலை விட்ட ஒருத்தர் கிட்ட பழசு ஒண்ணு 42,000 ரூபாக்கு கிடைச்சுது, வண்டி வாடகை 3,500. மூணரை கிலோவாட், சாதாரண பிளக்ல போட முடியாது, தனி லைன் இழுத்து எம்சிபி (லோடு மீறினா தானா கரண்டை நிறுத்துற சுவிட்ச்) போட 2,800. கில்ன் வாஷ் (உள்ள இருக்குற ஷெல்ஃப் தட்டுல கண்ணாடி ஒட்டாம இருக்க பூசுற மாவு), ஃபைபர் பேப்பர் (அதே வேலைக்கு கண்ணாடிக்கு அடில விரிக்குற, சூடு தாங்குற நார்த் தாள்) எல்லாம் 3,900. இந்த இடத்துல நகையை அடகு வெச்சேன், வீட்டுல சொல்லல. அட்வான்ஸ் வாங்கிட்டோம், வாக்கு குடுத்துட்டோம்ங்கற அழுத்தம்தான் அப்படி செய்ய வெச்சுது. 26,400 ரூபா ஆர்டருக்கு 50,000 ரூபாக்கு மேல சாமான் வாங்குறோம்னு அன்னைக்கு ஒரு பேப்பர்ல எழுதிப் பாத்திருந்தா நான் அட்வான்ஸை திருப்பிக் குடுத்திருப்பேன். எழுதிப் பாருங்க. இதை ரொம்ப அழுத்தி சொல்றேன்.

கில்ன் வந்தும் ஏழு தடவை பாழாச்சு. முதல் தடவை 820 டிகிரிக்கு ஏத்தி கால் மணி நேரம் நிறுத்தினேன், கண்ணாடி நல்லா உருகட்டும்னு. திறந்து பாத்தா பீஸ் எல்லாம் நீளத்துல நாலு எம்எம் சுருங்கி, ஓரம் தடிச்சு, மூலை ஊசி மாதிரி கூரா நீட்டிக்கிட்டு, அடில ஷெல்ஃபோட ஒட்டிக்கிச்சு. மெல்லிசு கண்ணாடிக்கு அந்த சூட்டுல ஒரு குணம் உண்டு, அது ஆறு ஏழு எம்எம் கனத்துக்கு தன்னைத் தானே திரட்டிக்கப் பாக்கும், அதனால ரெண்டு எம்எம் கண்ணாடி உள்பக்கம் இழுத்துக்கிட்டே போகும். நமக்கு வேண்டியது மேல்தோல் இளகுற அளவு மட்டும்தான். ரெண்டாவது தடவை சூட்டைக் குறைச்சேன், ஓரம் முழுக்க வெள்ளையா பால் காஞ்ச மாதிரி. எமரில தேய்ச்ச மாவு ஓரத்துல தங்கியிருக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டு கண்ணாடி படிகமா மாற ஆரம்பிச்சிருச்சு, டெவிட்ரிஃபிகேஷன்னு சொல்றாங்க. 700லேர்ந்து 800 சொச்சம் வரைக்கும் அதுக்கு தோதான சூடு, அங்க ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. அதுக்கப்புறம் ஒவ்வொரு பீஸோட ஓரத்தையும் பழைய பல் பிரஷ்ஷால சோப்புத் தண்ணில தேய்ச்சு, நல்ல தண்ணில அலசி, நூல் வராத துணில துடைச்சு, அப்புறம் ஓரத்தை கை தொடாம எடுத்து வெச்சேன். 240 பீஸுக்கு அதைச் செய்யுறது பெரிய வேலை, ஆனா அதைத் தட்டினா மத்த எல்லாம் வீண்.

மூணாவது தடவை நல்லா வந்துச்சு, ஆனா எனக்கு பொறுமை இல்ல, 180 டிகிரில மூடியைத் திறந்து எட்டிப் பாத்தேன். டிக் டிக்னு சத்தம். ஆறு பீஸ்ல நாலு கீறல் விட்டிருச்சு. நாலாவது கரண்ட் போய் பாதில நின்னுச்சு, அது என் கையில இல்ல, ஆனா எங்க ஏரியால மாசாந்திர பராமரிப்பு நிறுத்தம் என்னைக்குன்னு முன்னாடியே பாத்து வெச்சுக்கிட்டு அந்த நாள்ல ஓட்டாம இருந்திருக்கலாம். அஞ்சாவதுல பீஸை ரொம்ப நெருக்கி அடுக்கிட்டேன், ரெண்டு ஜோடி ஒட்டிக்கிச்சு, சுவர் ஓரத்துல சூடேத்துற காயில் கம்பி பக்கம் இருந்தது மட்டும் அதிகமா உருகியிருந்துச்சு. ஆறும் ஏழும் சூடு எங்க சரியா நிக்குதுன்னு பாக்கவே போச்சு.

கடைசில எனக்கு ஒத்து வந்த கணக்கு இது, ஆனா உங்க கில்ன்ல அப்படியே போடாதீங்க, சூட்டை அளக்குற தெர்மோகப்பிள் மேல இருக்கும், ஷெல்ஃப் கீழ இருக்கும், காட்டுற நம்பருக்கும் கண்ணாடி மேல இருக்குற சூட்டுக்கும் பத்து இருபது டிகிரி வித்தியாசம் வரும். மணிக்கு 200 டிகிரி வீதம் 540 வரைக்கும் போய் அங்க பதினைஞ்சு நிமிஷம் நிறுத்துவேன், எல்லா பீஸும் ஒரே சூட்டுக்கு வரட்டும்னு. அங்கேர்ந்து எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா 725க்கு, அங்க எட்டு நிமிஷம். அப்ப ஷேட் 5 வெல்டிங் கண்ணாடி போட்டுக்கிட்டு பார்க்குற ஓட்டை வழியா பாப்பேன், ஏன்னா உள்ளேர்ந்து வர்ற சூட்டுக் கதிர் கண்ணுக்கு கெடுதல். அறுத்த ஓரத்துல முதல்ல கத்தி மாதிரி ஒரு கூர்க்கோடு தெரியும், அது மெதுவா மழுங்கி ஒரு மெல்லிய ஒளிக்கோடா மாறும், அந்த நிமிஷத்துல நிறுத்திடணும். அப்புறம் தானா இறங்க விட்டு 545ல அரை மணி நேரம் பிடிச்சு வைப்பேன், அங்கதான் உள்ள இருக்குற இழுவை எல்லாம் அவிழும். பிறகு மணிக்கு 70 டிகிரி வீதம் 450 வரைக்கும் இறக்கிட்டு ஆஃப் பண்ணிடுவேன். காலைல பத்து மணிக்கு போட்டா நாலரை மணி வாக்குல கில்ன் ஆஃப், ஆனா மறுநாள் காலைல அம்பது டிகிரிக்கு கீழ வந்த பிறகுதான் மூடியைத் தொடுவேன். புதுசா ஆரம்பிக்குறவங்க 700ல தொடங்கி பத்து பத்து டிகிரியா ஏத்தி, ஒவ்வொரு தடவையும் ரெண்டே பீஸ் வெச்சு பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் வெர்னியர்ல ஓரத்தோட கனத்தை அளந்து நோட்ல எழுதுங்க. எனக்கு 725ல கனம் ஏறவே இல்ல, தடத்துல வழுக்கிக்கிட்டு உள்ள போச்சு.

இன்னும் சில விஷயம் பரபரன்னு சொல்லிடறேன். டஃபன்டு கண்ணாடியை (சூடாக்கி சட்டுனு குளிர வெச்சு பலப்படுத்தினது) இதுல வைக்காதீங்க, அந்த சூட்டுக்குப் போனா அதோட பலமே போயிடும், அப்புறம் அது சாதாரண கண்ணாடிதான். பேர் தெரியாத பழைய கண்ணாடியையும் புதுசையும் ஒரே பேட்ச்ல கலக்காதீங்க. ஃப்ளோட் கண்ணாடியை, அதாவது இப்ப கடைல கிடைக்குற சாதாரண ஜன்னல் கண்ணாடியை, உருகின தகரத்து மேல மிதக்க விட்டுத்தான் செய்யுறாங்க, அதனால ஒரு பக்கத்துல தகரம் ஏறியிருக்கும், திரும்ப சூடாக்கும்போது அந்தப் பக்கம் மங்கலா பூக்குறது உண்டு, அதனால எல்லா பீஸையும் ஒரே பக்கமா வைங்க. ஃபைபர் பேப்பரை வெட்டும்போதும் சூளைலேர்ந்து எடுக்கும்போதும் நல்ல மாஸ்க் போடுங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முதல் சூட்டுல அதுலேர்ந்து புகை வாடை வரும், ஜன்னல் திறந்திருக்கட்டும், குழந்தைங்க அந்தப் பக்கம் வேண்டாம்.

ஷெல்ஃபுக்கு ஆறு, ரெண்டு ஷெல்ஃப், ஒரு நாளைக்கு பன்னெண்டு பீஸ். 240 பீஸுக்கு இருபது நாள் வேணும், எனக்கு மிச்சம் இருந்தது பன்னெண்டு. பட்டறைக்காரர் கிட்ட போய் நடந்ததை மறைக்காம சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன், "முடிஞ்சதைக் குடும்மா, மத்த கூண்டுக்கு நான் வேற பாத்துக்குறேன்"னுட்டு எழுந்து உள்ள போயிட்டார். அந்த அமைதி திட்டினதை விட கஷ்டமா இருந்துச்சு. 144 பீஸ் குடுத்தேன், 36 கூண்டு, 15,840 ரூபா, அதுல அட்வான்ஸ் போக 7,840 கைக்கு வந்துச்சு. சாமான் மட்டும் 56,800 போயிருக்கு, கரண்ட் ஒரு தடவைக்கு பத்து யூனிட் பக்கம், நாலு மாசம் கடை வேலை கெட்டது தனி. அடகை இந்த வருஷம் சித்திரைலதான் மீட்டேன், அப்பதான் வீட்டுலயும் சொன்னேன்.

கார்த்திகை அன்னைக்கு சாயங்காலம் பட்டறைக்காரர் வீட்டு வாசல்ல அந்தக் கூண்டு வரிசையா எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு, தெருவுல நின்னு ஒவ்வொண்ணா பாத்தேன், ஒரு கண்ணாடில கூட கீறல் இல்ல. பொங்கலுக்குப் பிறகு அவரே கடைக்கு வந்து, குடுத்த 144ல திரும்பி வந்தது ஒண்ணும் இல்ல, கீழ போட்டு உடைச்சது மட்டும் மூணுன்னு சொல்லிட்டு அடுத்த கார்த்திகைக்கு 200 பீஸ் கேட்டிருக்கார். இந்தத் தடவை வைகாசிலயே ஆரம்பிச்சுட்டேன், விலையும் 160. கில்ன் கடைக்குப் பின்னாடி தான் இருக்கு, வாரத்துல ரெண்டு நாள் ஓட்டுறேன். இந்தப் பக்கம் யாருக்காவது நாலஞ்சு சின்ன பீஸுக்கு ஓரம் பாலிஷ் வேணும்னா அதுக்காக சூளை வாங்காதீங்க, ஒரு மூலைல இடம் இருந்தா என் பேட்ச்சோட சேர்த்து வெச்சுத் தரேன். என்ன கண்ணாடின்னு கேட்டுக்கிட்டு, ஓரத்தை நல்லா கழுவிக் கொண்டு வாங்க, கூடவே உடைஞ்சாலும் பரவாயில்லைன்னு அதே கண்ணாடில ரெண்டு துண்டு, அதைத்தான் முதல்ல வெச்சுப் பாப்பேன்.